குச்சி வைத்த டீச்சரும் பச்சைத் துணியும்: டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில் ஆறு மாதம்

பதினோரு வருடமாகக் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்கிறேன். எங்கள் தொழிலில் பச்சைத் துணிக்கு ஒரே வேலைதான். மாப்பிள்ளையையும் பெண்ணையும் முன்னால் நிறுத்தி, பின்னால் சுவிட்சர்லாந்து மலையையோ தாஜ்மகாலையோ வைப்போம். ஓரத்தில் கொஞ்சம் பச்சை எட்டிப் பார்த்தால் அதன் மேல் நாலு ரோஜா இதழைப் பறக்கவிடுவோம். ஆறு விநாடி ஷாட்டுக்கு அது போதும், யாரும் கேட்டதில்லை.

எனக்குப் பள்ளியில் தமிழ் எடுத்த டீச்சர் கூப்பிட்டபோதுதான் அந்தச் சமாளிப்பு இனி செல்லாது என்று தெரிந்தது. ஓய்வு பெற்றுவிட்டார். ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக இலக்கணப் பாடம் எடுத்து யூடியூபில் போடவேண்டும் என்றார். பின்னால் எழுத்து பெரிதாக வரவேண்டும், அதைக் குச்சியால் தொட்டுக் காட்டவேண்டும். ஒரு பாடம் 25 நிமிடம். அவ்வளவு நேரம் ஒரே ஆள் திரையில் நின்றால் பார்ப்பவர் கண் எப்படியும் தலைமுடி ஓரத்துக்குப் போய்விடும். குற்றியலுகரம் நடத்தும்போது ரோஜா இதழும் பறக்கவிட முடியாது.

இத்தனை வருடம் நான் எடியுஸ் என்ற எடிட்டிங் மென்பொருளின் ஆள். அதிலும் குரோமா கீ, அதாவது பச்சையை எடுத்துவிட்டு வேறு பின்னணி வைக்கும் வசதி, உண்டு. ஆனால் அது ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் இருக்கிறது, முகூர்த்த மாதத்தில் அந்த நாற்காலி எனக்குச் சும்மா கிடைக்காது. வீட்டு லேப்டாப்பில், காசு செலவில்லாமல் முடியுமா என்று தேடினேன்.

முதலில் ஒரு மொபைல் ஆப். பெயர் வேண்டாம். ஒரே ஒரு ஸ்லைடர் கொடுத்திருந்தார்கள். இந்தப் பக்கம் தள்ளினால் பச்சை மிச்சம், அந்தப் பக்கம் தள்ளினால் டீச்சரின் காது போச்சு. மூலையில் அவர்கள் முத்திரை வேறு. அப்புறம், துணியே வேண்டாம், ஏஐ எடுத்துவிடும் என்று சொன்ன ஒரு வலைத்தளம். முகம், தோள் எல்லாம் நன்றாகத்தான் வெட்டியது. ஆனால் கையில் இருந்த குச்சியை அது ஆளோடு சேர்க்கவில்லை. சில இடத்தில் குச்சி முழுதாக இருந்தது, சில இடத்தில் பாதிதான், சில இடத்தில் டீச்சர் வெறுங்கையை ஆட்டிக்கொண்டிருந்தார். குச்சி இல்லாத எங்கள் டீச்சரை எங்கள் பேட்ச் பசங்க ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அதன் பிறகுதான் டாவின்சி ரிசால்வ். ஆறு மாதத்தில் 31 பாடம் முடித்துவிட்டு எழுதுகிறேன்.

இது ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் கம்பெனியின் மென்பொருள். சினிமாவுக்கு நிறம் திருத்தும் கருவியாக இருந்தது, பிறகு முழு எடிட்டிங் மென்பொருளாக வளர்ந்தது. 2018இல் வந்த 15ஆம் பதிப்பில் ஃபியூஷன் என்ற கிராஃபிக்ஸ் பகுதியையும் உள்ளேயே சேர்த்துவிட்டார்கள். இலவசப் பதிப்பு, ஸ்டுடியோ பதிப்பு என்று இரண்டு உண்டு. ஸ்டுடியோ 295 டாலர், ஒருமுறை கட்டினால் போதும். இலவசப் பதிப்பு 30 நாள் சோதனைச் சமாச்சாரம் இல்லை. முத்திரையும் இல்லை. 3840×2160 வரை, விநாடிக்கு 60 ஃபிரேம் வரை வெளியே எடுக்கலாம். ஸ்டுடியோவுக்கு மட்டும் உரிய எஃபெக்ட்டைத் தெரியாமல் போட்டால்தான் படத்தின் மேல் முத்திரை விழும். மேஜிக் மாஸ்க், அதாவது ஆளைத் தானாகக் கண்டுபிடித்துப் பிரிக்கும் கருவி, அந்தக் கட்டணப் பக்கத்தில் இருக்கிறது. பச்சை எடுக்கும் கருவிகளோ இந்தப் பக்கம், இலவசத்தில். எனக்கு அது போதும்.

பச்சையை எடுக்கும் கருவிக்குக் கீயர் என்று பெயர். அவசர வேலைக்கு 3டி கீயர். எடிட் பக்கத்தில், எஃபெக்ட்ஸ் பட்டியலில் இருக்கிறது. கிளிப்பின் மேல் இழுத்துப் போட்டு, வியூவருக்குக் கீழே ஓப்பன் எஃப்எக்ஸ் ஓவர்லேயை ஆன் செய்து, பச்சையின் மேல் ஒரு கோடு இழுக்கவேண்டும். அந்தப் பச்சை போய்க் கீழ் டிராக்கில் உள்ள படம் தெரியும். போகாத மூலையில் இன்னொரு கோடு. (ஓவர்லேயை ஆன் செய்யாமலே கோடு இழுத்து இழுத்து, முதல் நாள் ஒரு மணி நேரம் போனது. தப்பு என்னுடையதுதான்.) டீஸ்பில் என்ற பெட்டியில் டிக் போட்டால் முகத்தில் அடிக்கும் பச்சைச் சாயமும் குறையும். இரண்டு நிமிட விளம்பர வீடியோ, கடைத் திறப்பு அறிவிப்பு போன்றவற்றுக்கு இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

பாடத்துக்கு மட்டும் டெல்டா கீயர். ஃபியூஷன் பக்கத்துக்குப் போனால் மீடியா இன், மீடியா அவுட் என்று இரண்டு சின்னப் பெட்டிகள் கம்பியால் இணைந்து நிற்கும். டைம்லைனில் பழகிய கைக்கு அதைப் பார்த்ததும் கொஞ்சம் உதறும். பயப்பட ஒன்றுமில்லை. ஷிஃப்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தி, டெல்டா என்று தேடி, நடுவில் செருகிவிட வேண்டும். அப்புறம் நிறம் எடுக்கும் குழாயை இழுத்துப் பச்சையின் மேல் விட்டால், பாதிக்கு மேல் வேலை அங்கேயே முடிந்துவிடும். துணியின் மூலையில் விடாதீர்கள். கழுத்துக்கும் காதுக்கும் பக்கத்தில் இருக்கும் பச்சையில் விடுங்கள். பிறகு மல்லுக்கட்டப் போவது அந்த இடத்தில்தான்.

இதன் பிறகு நான் படத்தைப் பார்ப்பதே இல்லை. வியூவரில் ஏ என்ற எழுத்தை அழுத்தினால் கறுப்பு வெள்ளையில் மேட், அதாவது எது நிற்கும், எது போகும் என்று காட்டும் படம், தெரியும். ஆள் முழு வெள்ளையாக, துணி முழுக் கறுப்பாக, முடி ஓரம் மட்டும் சாம்பலாக இருக்கவேண்டும். முதல் ஐந்து பாடத்தில் அந்தச் சாம்பலை அழுக்கு என்று நினைத்து, த்ரெஷோல்ட் என்ற ஸ்லைடரின் இரண்டு முனையையும் நெருக்கி, பளிச்சென்று வெள்ளை கறுப்பு ஆக்கினேன். டீச்சர் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டிய அட்டைப் படம் மாதிரி நின்றார். காதோரம் பறக்கும் நரைமுடி அந்தச் சாம்பலில்தான் இருக்கிறது. இப்போது கீழ்முனையைக் கொஞ்சமாக மட்டும் ஏற்றுகிறேன், மேல்முனையைக் கொஞ்சமாக மட்டும் இறக்குகிறேன், உடம்புக்கு நடுவில் ஓட்டை தெரிந்தால் க்ளீன் ஃபோர்கிரவுண்ட் என்ற ஸ்லைடரை ஒரு துளி நகர்த்துகிறேன். அதோடு சரி.

துணியின் இடது மூலை எப்போதும் இருட்டாகத்தான் விழும், ஏனென்றால் ஜன்னல் வலது பக்கம். அந்த மூலைக்காகக் கீயை இறுக்கினால் முடி போய்விடும். இதற்குக் க்ளீன் பிளேட் என்று தனிப் பெட்டி உண்டு. துணியில் எங்கெங்கே பச்சை வெளுத்திருக்கிறது, எங்கே கறுத்திருக்கிறது என்று தனியாக ஒரு படம் செய்து டெல்டா கீயரிடம் கொடுத்துவிடும். கீயர் அந்தந்த இடத்துப் பச்சையோடு ஒப்பிட்டு எடுக்கும். இந்த மென்பொருளில் எனக்கு மிகப் பிடித்த பொருள் இதுதான். மொபைல் ஆப்பின் ஒற்றை ஸ்லைடரிடம் போய் இதைக் கேட்க முடியுமா?

நான்காம் பாடம் மாத்திரை. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று சொல்லிவிட்டு டீச்சர் கேமராவுக்கு நேராக விரலை நொடித்தார். ஒரு தடவை அல்ல, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று எட்டுப் பத்துத் தடவை. எடிட்டில் பார்த்தால் நொடிக்கும் ஒவ்வொரு முறையும் விரல் நுனி கரைந்து போகிறது. விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 விநாடி. அவ்வளவு நேரத்துக்குள் விரல் நகர்ந்து, தோல் நிறமும் பச்சையும் குழைந்த ஒரு மங்கல் கோடாகப் பதிவாகியிருந்தது. அதில் எது விரல், எது துணி என்று எந்தக் கீயராலும் சரியாகச் சொல்ல முடியாது. எல்லாப் பொத்தானையும் திருகிப் பார்த்துவிட்டு, மறுபடி எடுக்கலாமா என்று கேட்டேன்.

"ஒரு மாத்திரையைக்கூட உன் கேமராவால பிடிக்க முடியலையாப்பா?"

"அரை மாத்திரைன்னா இன்னும் கஷ்டம் டீச்சர்."

அடுத்த நாள் ஷட்டர் 1/100 வைத்து எடுத்தேன். விரல் தெளிவாக நின்றது. 1/100 என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 தடவை துடிக்கும். 1/50, 1/100 இரண்டும் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகும். 1/80 மாதிரி இடையில் எதையாவது வைத்தால் மலிவு எல்இடி வெளிச்சத்தில் படத்தின் மேல் பட்டை ஓடும், பின்னணிப் பச்சையும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும்.

இன்னொரு விஷயத்தையும் அந்தப் பாடத்தில்தான் கற்றேன். சாதாரணக் கேமராக்களும் மொபைல்களும் 4:2:0 என்ற முறையில் பதிவு செய்கின்றன. வெளிச்சத்தை எல்லாப் புள்ளியிலும் எழுதும், நிறத்தை நாலு புள்ளிக்கு ஒன்று என்று மட்டும் எழுதும். 1920×1080 படம் எடுத்தால் அதில் நிறத்தின் அளவு 960×540தான். நாம் பிரிப்பதோ நிறத்தை வைத்து. ஓரம் படிக்கட்டு மாதிரி வருவதற்கு மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. 4கேயில், அதாவது 3840×2160இல் எடுத்து 1080இல் வெளியே விட்டால் நிறமும் முழு அளவில் கிடைக்கிறது. கார்டு சீக்கிரம் நிறையும், சரி. ஆனால் முன்பு இரண்டு மணி நேரம் ஓரத்தோடு போராடிய வேலை இப்போது இருபது நிமிடத்தில் முடிகிறது.

பச்சைச் சாயம் அடுத்த தலைவலி. துணியில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து ஆள் மேல் அடிக்கும். டீச்சர் மல்லிகைப் பூ வைக்காமல் வெளியே வரமாட்டார். வெள்ளைப் பூ அந்தச் சாயத்தை அப்படியே வாங்கிக்கொண்டு மரிக்கொழுந்து மாதிரி ஆகிவிட்டது. டெல்டா கீயரில் ஃப்ரிஞ்ச் என்ற பக்கத்தில் இதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. ரேர், மீடியம், வெல் டன், பர்ன்ட் என்று வரிசை. வெள்ளைக்காரன் இறைச்சி வேகும் பதத்தைப் பெயராக வைத்திருக்கிறான். நம் ஊரில் செய்திருந்தால் ஊத்தப்பம், தோசை, ரோஸ்ட், கருகல் என்று வைத்திருப்பார்கள். பச்சைத் துணிக்கு மீடியம் போதும். வெல் டன் நீலத் துணிக்குத்தான் பொருந்தும். பர்ன்ட் வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

இது தெரியாமல் நான் ஒரு பாடத்துக்குப் பர்ன்ட் போட்டேன். மல்லிகை வெள்ளையானது. ஆனால் மஞ்சள் சேலையில் வந்திருந்த டீச்சர் காவிச் சேலைக்கு மாறிவிட்டார். வளையல் தாமிரமாகிவிட்டது. திரையில் மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்ததுதானே, பச்சையைப் பிடுங்கினால் ஆரஞ்சுதான் மிஞ்சும். அந்தப் பாடம் அப்படியே யூடியூபில் ஏறிவிட்டது. கீழே ஒருவர், "அம்மா துறவறம் போயிட்டாங்களா?" என்று கேட்டிருந்தார்.

டெல்டா கீயரால் முடியாத ஒன்றும் இருக்கிறது. அதை ஒரு சமையல் அக்காவுக்கு வீடியோ செய்தபோது பார்த்தேன். பின்னால் அழகான கிராமத்து அடுப்படி வரவேண்டும் என்றார். பச்சைத் துணி கட்டி, மேசையில் வாழை இலை போட்டு, சாதம் பரிமாறி எடுத்தோம். கீ போட்டதும் இலை காணோம். சாதமும் அவியலும் அப்பளமும் அந்தரத்தில் மிதக்கின்றன. சாம்பாரில் கறிவேப்பிலை இருந்த இடமெல்லாம் குட்டிக் குட்டி ஓட்டை. சாலிட் மேட் என்று ஒரு வழி உண்டு, இலையைச் சுற்றிக் கோடு வரைந்து, இதைத் தொடாதே என்று சொல்லலாம். இலைக்குச் சரி. கரண்டியோடு பறக்கும் கறிவேப்பிலைக்கு யார் கோடு வரைவது? நீலத் துணி வாங்கி மறுபடி எடுத்தோம். அக்கா இன்னொரு முறை சமைத்தார், நாங்கள் இன்னொரு முறை சாப்பிட்டோம். அதில் யாருக்கும் வருத்தமில்லை.

பச்சையே ஏன் என்று டீச்சரும் கேட்டார். நம் தோலில் பச்சை குறைவு. அதோடு, பெரும்பாலான கேமரா சென்சாரில் நாலு புள்ளிக்கு இரண்டு பச்சைக்கு, சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒவ்வொன்றுதான். அதனால் பச்சை சுத்தமாகப் பதிவாகும். மறுநாளே கிளிப்பச்சைக் கரை போட்ட சேலையில் வந்தார். "இந்தச் சேலை வேண்டாம் டீச்சர்" என்றால், "சேலைக்கு என்னப்பா குறை, தீபாவளிக்கு எடுத்தது" என்கிறார். கரை இல்லாத சேலையோடு ஒரு பாடம் எடுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

காசை எங்கே போடவேண்டும் என்று கேட்டால், மென்பொருளில் வேண்டாம் என்பேன். முதலில் ஆன்லைனில் ஸ்டுடியோ துணி என்று ஒன்று வாங்கினேன். பின்னால் இருந்த ஜன்னல் கம்பி தெரிகிற அளவுக்கு மெல்லிசு, மடிப்புக் கோடு எத்தனை அயர்ன் போட்டாலும் போகவில்லை. அப்புறம் எங்கள் ஊர்த் துணிக்கடையிலேயே பளபளப்பு இல்லாத கெட்டிப் பருத்தித் துணியில் அந்தப் பச்சையைத் தேடி எடுத்தேன். துணிக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு டியூப் லைட். டீச்சருக்குத் தனி விளக்கு. துணிக்கும் டீச்சருக்கும் நடுவே ஆறடி. இந்த ஆறடிக்காக அவர் வீட்டு ஹாலில் இருந்து கட்டிலை வெளியே தூக்கினோம். சாயம் பாதியாகக் குறைந்தது அந்தக் கட்டில் போன அன்றுதான்.

வெளிச்சம் சமமாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து ஏமாறவேண்டாம். ஐந்து விநாடி வெறும் துணியை எடுத்து, ரிசால்வின் கலர் பக்கத்தில் வேவ்ஃபார்ம் என்ற வெளிச்ச வரைபடத்தைத் திறந்து பாருங்கள். துணி சமமாக இருந்தால் மெல்லிசாக ஒரு கிடைக்கோடு வரும். மலை மாதிரி ஏறி இறங்கினால் விளக்கை நகர்த்தவேண்டும். இலவசப் பதிப்பிலேயே இருக்கிறது.

குறை என்று சொன்னால் கனம். கம்பெனியே 16 ஜிபி ராம் வேண்டும், ஃபியூஷன் பயன்படுத்தினால் 32 வேண்டும் என்று சொல்கிறது. என் லேப்டாப்பில் 16தான். டெல்டா கீயர் போட்ட கிளிப்பை ஓட்டினால் டீச்சர் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் டீ குடித்துவிட்டு வரலாம். கீயை முடித்துவிட்டு ரெண்டர் இன் பிளேஸ் கொடுத்தால் அந்தக் கிளிப் மட்டும் தனி ஃபைலாக மாறிவிடும், பிறகு தடையில்லாமல் ஓடும். மெனுவில் தமிழ் கிடையாது. பொத்தான்களின் பெயர்கள் எல்லாம் கல்யாண வீடியோக்காரர்கள் கேள்விப்படாதவை. முதல் பத்து நாள் எரிச்சல்தான் வரும். ஒரு பாடத்துக்குச் செட் செய்துவிட்டால் அடுத்த பாடத்துக்கு அந்தப் பெட்டிகளை அப்படியே காப்பி செய்து ஒட்டலாம். ஒரு வேடிக்கை, அந்தப் பெட்டிகளைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினால் வெறும் எழுத்தாக விழும். அதை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் அடுத்தவர் தன் ஃபியூஷனில் ஒட்டிக்கொள்ளலாம். எங்கள் ஸ்டுடியோ தம்பிக்கு என் டெல்டா கீயர் செட்டிங்கை அப்படித்தான் அனுப்பினேன். ஏதோ மந்திரம் அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்து, என்ன அண்ணே இது என்று போன் செய்தான்.

முதல் பாடத்துக்கு நூலகம், ஓலைச்சுவடி, கோபுரம் என்று விதவிதமாகப் பின்னணி வைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "கரும்பலகை இல்லையாப்பா?" என்றார். அதனால் 31 பாடத்திலும் பின்னால் இருப்பது கரும்பலகை.

நாளைக்கு 32ஆம் பாடம், அளபெடை. இன்று எடுத்த 24 நிமிடம் ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் ஒரு மணி நேரம் காட்டுகிறது. நான் போய்த் துணியை அயர்ன் போடுகிறேன்.